பிளாஸ்டரின் பின்பக்கம் போன வார்த்தை

ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டு நாள் முன்னால் எங்கள் பெரம்பலூர் வீட்டு வாசலில் ஒரு கட்டுக் கரும்பு வந்து இறங்கும். கொண்டு வருபவர் திருமானூர் பக்கத்துக்காரர். காப்பி குடித்துவிட்டு, "எங்கள மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். எப்படி ஐயா மறப்பேன்? உயிரோடு இருந்த அந்த மனுஷனை மூன்று வாரம் செத்தவர் கணக்கில் வைத்திருந்தவள் நான்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கரும்பு கொண்டு வருகிறார்.

நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அரியலூரில் ஒரு டாக்டரும் அவர் மனைவியும் சேர்ந்து ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார்கள். மொத்தம் பன்னிரண்டு கட்டில். காய்ச்சல், வயிற்றுவலி எல்லாம் டாக்டர் பார்ப்பார். கர்ப்பிணிகளும் பிரசவமும் டாக்டரம்மா பொறுப்பு. ரத்தம், சளி, சிறுநீர் என்று எது வந்தாலும் என்னிடம் வரும். நான் அங்கே லேப் டெக்னீஷியன், படிப்பை முடித்து இரண்டே வருஷம் ஆனவள். பெரம்பலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். பழைய சமையலறையைத்தான் லேப் ஆக்கிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மைக்ராஸ்கோப், கையால் சுற்றுகிற சென்ட்ரிஃபியூஜ், உறுமுகிற ஒரு ஃபிரிட்ஜ். சுவரில் தாளித்த கறை அப்படியே இருந்தது.

அந்த வயதில் எனக்குத் திமிர் கொஞ்சநஞ்சமில்லை. வருகிறவர்கள் எல்லாம் என்னை "நர்ஸம்மா" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறும். "நான் நர்ஸ் இல்ல, லேப் டெக்னீஷியன்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வேன். "சரிங்க நர்ஸம்மா" என்பார்கள். என் ரிப்போர்ட்டில் யாராவது ஒரு பிழையைக் காட்டட்டும், வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "வாய் நீளம்மா ஒனக்கு" என்பார்.

கரும்புக்காரர் முதலில் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உழைப்பாளி உடம்பு, அதில் பாதி கரைந்து போயிருந்தது. விட்டுவிட்டுக் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஈரல் கல் மாதிரி வீங்கி நின்றது. சீழ்க் கட்டியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். அதற்கான மாத்திரைகளைப் பத்து நாள் கொடுத்தார். காய்ச்சல் இறங்குவது போல இறங்கி மறுபடி ஏறியது. ஊசி போட்டுச் சீழை இழுத்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"சீழ் இல்லன்னா புத்து நோயா இருக்கலாம்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். இப்போது போலத் தெருவுக்குத் தெரு ஸ்கேன் கிடையாது. ஆனால் அவர் அப்போதுதான் சென்னையில் ஒரு டாக்டர்கள் கூட்டத்துக்குப் போய்வந்திருந்தார். ஈரலில் புற்றுநோய் வந்தால் அதை ரத்தத்திலேயே காட்டிக்கொடுக்கிற ஒரு புரதம் இருக்கிறது, ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்று பேர், அதை அளக்கிற வசதி சென்னையில் ஒரு லேப்பில் வந்திருக்கிறது என்று கண்கள் மின்னச் சொன்னார்.

"வயித்துல இருக்கற கொழந்தையோட ஈரல் செய்யற சரக்கும்மா அது. பொறந்த பெறகு கொறஞ்சுடும். பெரியவங்க ரத்தத்துல அது எக்கச்சக்கமா இருந்தா, ஈரல்ல ஏதோ கெட்டது வளருதுன்னு அர்த்தம்."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல் வரியை அடிக்கோடு வேறு இட்டேன். அடிக்கோடு இட்டால் மட்டும் போதுமா?

ரத்தம் எடுத்த அன்று அவருடைய மனைவியும் வந்திருந்தாள். ஆறு மாதம் கர்ப்பம். வந்தது வந்தோம் என்று டாக்டரம்மாவிடம் அவளும் காட்டிக்கொண்டாள். இரண்டாவது பிரசவம். ரத்தம் என்ன குரூப் என்று பார்க்க அவளிடமும் ஒரு டியூப் எடுக்கச் சொன்னார்கள். கூட வந்திருந்தது கரும்புக்காரரின் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர், நின்றால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற பெண்மணி.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டரம்மாவிடம் வருகிற பெண்களின் பேரை யாரும் கேட்பதில்லை. சீட்டு எழுதும் இடத்தில் புருஷன் பேரை எழுதி, பக்கத்தில் 'மனைவி' என்று போடுவார்கள். கூப்பிடும்போதும் இன்னார் மனைவி என்றுதான் கூப்பிடுவார்கள். சீட்டில் இருப்பதையே நான் பிளாஸ்டரில் எழுதி டியூபில் ஒட்டுவேன். ஒருத்திக்கும் அது குறையாகப் படவில்லை, எனக்கும்தான்.

கரும்புக்காரர் பேரில் எழுத்து சரியா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "அவுங்க பேர நான் சொல்ல மாட்டேங்க. சீட்டுல இருக்குது பாருங்க" என்றாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை உயிர் போனாலும் சொல்லாத காலம். அவள் வாயால் சொல்லாத பேரை நான் அவள் ரத்தத்தின் மேலேயே எழுதி ஒட்டினேன்.

அவர் பேர் கொஞ்சம் நீளம், குலதெய்வத்தின் பேர். ஒல்லியான டியூபில் பேர் முன்பக்கத்தை முழுக்க எடுத்துக்கொண்டது. 'மனைவி' என்ற வார்த்தை வளைந்து பின்பக்கம் போய்விட்டது. ஸ்டாண்டில் இரண்டு டியூபும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரே பேர்.

ரத்தம் உறைந்து மேலே தெளிந்த நீர் பிரிவதற்கு அரை மணி நேரம் விட வேண்டும். அந்தத் தெளிந்த நீரைத்தான் சென்னைக்கு அனுப்புவது. டாக்டருக்குத் தெரிந்த ஒருவர் பகல் ரயிலில் போகிறார், அவர் கையில் ஐஸ் போட்ட ஃபிளாஸ்கைக் கொடுத்தனுப்ப ஏற்பாடு. "வண்டிக்கு நேரமாச்சு, சீக்கிரம்" என்று டாக்டர் முன்னறையிலிருந்து குரல் கொடுக்கிறார். அதே நேரம் பார்த்து ஜன்னலில் ஒருவர் வந்து, "நர்ஸம்மா, எம் மூத்தரம் என்னாச்சு?" என்றார். எனக்கு வந்ததே கோபம். நான் நர்ஸ் இல்லை என்று அந்த மனிதருக்கு ஒரு முழுப் பாடமே எடுத்தேன். எடுத்துக்கொண்டே கையை நீட்டி, பேர் தெரிந்த டியூபை உருவி, சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுற்றி, தெளிந்த நீரைக் குப்பியில் ஊற்றி, கரும்புக்காரர் பேரை எழுதி மூடி, ஃபிளாஸ்கில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

மீதி இருந்த டியூப் அவளுடையதாகத்தானே இருக்க வேண்டும்? 'மனைவி' என்பது பின்பக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பிப் பார்க்கவில்லை. குரூப் பார்த்து, பி பாசிட்டிவ் என்று அவள் கார்டில் எழுதிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. சாதாரணமாக இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு. டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அன்று அந்த அறையிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. வெளியே பெஞ்சில் கரும்புக்காரர் மனைவி வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மாசமாக இருக்கிறவளுக்குத் தெரிய வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். கரும்புக்காரரை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்று வருத்தம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. இந்த வட்டாரத்திலேயே முதன்முதலாக எங்கள் லேப்பிலிருந்து போன ரத்தத்தில் இப்படி ஒரு நோயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அம்மா, "அந்தாளுக்குப் புள்ள குட்டி இருக்குதாடி?" என்று மட்டும் கேட்டாள். நான் சாப்பிடப் போனேன்.

மூன்று வாரம் கழித்து அக்காவும் அவளும் மறுபடி வந்தார்கள், ஏழாம் மாதச் சோதனைக்கு. தலைப்பிரசவம் தஞ்சாவூரில் நடந்திருந்தது. அந்தப் பழைய கார்டையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கொஞ்ச நேரத்தில் இரண்டு கார்டையும் விசிறி போல் பிடித்துக்கொண்டு லேப்புக்குள் வந்தார்.

"இதுல ஓ பாசிட்டிவ். நீ எழுதினது பி பாசிட்டிவ். ரத்தம் என்ன பொடவையாடி, மாத்திக் கட்டிக்கறதுக்கு?"

"பழசுதான் தப்பா இருக்கும் மேடம். என்னுது தப்பாவாது" என்றேன். கூச்சமே இல்லாமல்.

அவளை உள்ளே கூப்பிட்டு விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டு வைத்து ஆட்டினேன். ஓ. சரிதான், குரூப் பார்க்கிற மருந்து பழசாகியிருக்கும் என்று புதுப் புட்டியைத் திறந்தேன். மறுபடியும் ஓ. அன்று நான் பார்த்த பி யாருடைய ரத்தம்? ஸ்டாண்டில் அன்று இருந்தது இரண்டே டியூப். ஒன்று இவளுடையது. பி இவளுடையது இல்லை என்றால் அது இவள் புருஷனுடையது. அவருடையது இங்கேயே இருந்திருக்கிறது என்றால் சென்னைக்குப் போனது எது?

என் நோட்டில் அடிக்கோடு இட்ட வரி ஞாபகத்துக்கு வந்தது. வயிற்றில் இருக்கிற குழந்தையின் ஈரல் செய்கிற சரக்கு. குழந்தை வயிற்றில் இருந்தால் அது தாயின் ரத்தத்திலும்தானே கலந்திருக்கும்! ஐயோ, நல்லாயிருந்த கர்ப்பிணியின் ரத்தத்தை அனுப்பிவிட்டு, புருஷனுக்குச் சாவோலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மறைக்கத் தோன்றியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கார்டில் பியை அடித்துவிட்டு ஓ என்று எழுதினால் தீர்ந்தது. டாக்டரம்மா நாலு திட்டு திட்டிவிட்டு மறந்துவிடுவார். என் வேலை தப்பும், பேரும் தப்பும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அவள் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு தடவ பாக்குறீங்களே, எதும் கொறையா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவுங்களுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சுங்களா? எங்கிட்ட யாரும் சொல்லல. ஆனா எனக்குத் தெரியும். இனிமே திங்க முடியாதுங்கற மாதிரி, திடீர்னு எல்லாரும் என்னைய உக்கார வெச்சு மீனும் முட்டையுமா போடுறாங்க. நானும் போயிட்டா எம் புள்ளைக்கு ஆருங்க இருக்கா?" என்றாள்.

பேனாவை மூடினேன். நேராக டாக்டர் அறைக்குப் போய், நோயாளி ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சென்னைக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார்.

"இத நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது இல்ல?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"தப்பு ஒன்னுது மட்டும் இல்ல. அந்தக் காயிதம் வந்ததும் நானும் யோசிக்கறத நிறுத்திட்டேன். ஒரு ஊசி காலியா வந்தா இன்னொரு எடத்துல குத்திப் பாத்திருக்கணும்" என்றார். பிறகு எழுந்தார். "சீழ்க் கட்டியா இருந்து உள்ளயே ஒடஞ்சா ஆள் காலி. இன்னிக்கே அவரு இங்க வரணும். போ, மொதல்ல பஸ்ஸப் புடி."

அக்காவிடம் சொல்வதுதான் பயமாக இருந்தது. வராந்தாவில் வைத்துச் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அப்ப எந்தம்பி சாவ மாட்டானா? சொல்லுடி!"

"தெரியாதுங்கக்கா. செத்துருவாருன்னு நாங்க சொன்னது மட்டும் தப்பு. அவ்வளவுதான் தெரியும்."

"அது போதும்" என்றார். என்னை ஓங்கி அறைவார் என்று நினைத்திருந்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அந்தப் பிள்ளைத்தாச்சியும் எங்களுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள். திருமானூர் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். வழி முழுக்க அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், நடுநடுவே தன் பையிலிருந்து முறுக்கை எடுத்து எனக்குக் கொடுத்துக்கொண்டும் வந்தார்.

வீட்டில் ஏகப்பட்ட சொந்தக்காரர்கள். எல்லாரும் 'ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக' வந்தவர்கள். அவர் நார்க்கட்டிலில் கிடந்தார், கண் மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது. கரும்பு வெட்டு முடிந்திருந்தது. அடுத்த நடவுக்கு விதைக் கரும்புக் கரணை ஊன்ற வேண்டாம், யார் பார்ப்பது என்று அவரே சொல்லிவிட்டாராம். அத்தனை பேர் முன்னாலும் நின்று, ரத்தம் மாறிப்போனதைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். ஒரு பங்காளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"யாரு வூட்டுல வந்து என்னா பேசுற? மனுசன் உசுரு ஒனக்கு வெளையாட்டா?"

அக்கா குறுக்கே வந்து நின்றார். "இவ வந்து சொல்லலன்னா நீ நாளைக்குப் பாடைக்கு மூங்கில் வெட்டப் போயிருப்ப. போடா, போயி மில்லுக்காரர் காரக் கேட்டு வாடா!"

கரும்புக்காரர் என்னைக் கையால் கூப்பிட்டார். குனிந்தேன். "நெசமாவா?" என்றார். தலையாட்டினேன். "அப்பன்னா கெளம்புவோம். படுத்துப் படுத்து முதுகு வலிக்குது" என்றார். அந்த நிலைமையிலும் அந்த மனிதருக்குக் கிண்டல்!

சாயங்காலம் ஐந்தரை மணிக்கெல்லாம் அரியலூர் வந்துவிட்டோம். முதல் வேலையாக அவர் விரலில் குத்திப் பார்த்தேன். பி பாசிட்டிவ். நான் நினைத்தது சரி. ஆனால் அது பாதிதான். ஈரலில் இருப்பது என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது. டாக்டர் இந்தத் தடவை தடித்த ஊசியாக எடுத்தார். விலாவில் ஒவ்வோர் இடமாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். கதவோரம் நின்ற கரும்புக்காரரின் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அங்க இல்லீங்க டாக்டர். பின்னால, அந்த எலும்புக்கும் இந்த எலும்புக்கும் நடுவுல. எண்ணெய் தடவையில அங்க கை பட்டாத்தான் துடிச்சுப்போறாங்க." டாக்டர் அந்த இடத்தில் ஒரு விரலை வைத்தார். கரும்புக்காரர் அலறினார்.

மரத்துப்போகும் மருந்தைப் போட்டு அங்கேயே ஊசியை இறக்கினார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பிஸ்டனை இழுத்தார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே செலுத்தி இழுத்தார். கெட்டியாக, செம்பழுப்பாக, கொப்பரையில் பதம் வந்த வெல்லப்பாகு மாதிரி ஏறியது பாருங்கள்! சீழ்! நல்ல, அருமையான சீழ்! ஒரு சிரிஞ்ச் நிறைந்தது, அடுத்தது நிறைந்தது, அதற்கடுத்ததும் நிறைந்தது. டாக்டர் "வருது, வருது" என்று சின்னப் பையன் மாதிரி கத்தினார். வாசலில் அக்கா குலவையே போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் குலவை போடக் கூடாது என்று சொல்ல வேண்டிய டாக்டரம்மா, சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆனந்தத்தில் கால் தரையில் பாவவில்லை. சீழைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டம் எங்கேயும் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டார். ஐந்தாம் நாள், "அக்கா, கரணை ஊனச் சொல்லு" என்றார். அக்கா ஓடிப்போய் நாலு பேரிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

டாக்டர் விடவில்லை. கரும்புக்காரர் ரத்தத்தையே மறுபடி எடுத்துச் சென்னைக்கு அனுப்பச் சொன்னார். இந்தத் தடவை ஊசியை எடுக்கும் முன்பே, "உங்க பேர நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதி, டியூபை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பதில் வந்தது: சாதாரண அளவு. "இது கொறைவா இருக்கறதால மட்டும் புத்து இல்லன்னு சொல்லிட முடியாது, ஏறியிருந்தா மட்டும் இருக்குன்னும் சொல்லிட முடியாது. ஆளைப் பாக்கணும், பெறகுதான் காயிதம்" என்றார் டாக்டர். அதையும் நோட்டில் எழுதினேன். அதற்கு இரண்டு அடிக்கோடு.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். டாக்டரம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். பழைய ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாசமா இருக்கறவங்களுக்கு ஏறும், சரி. ஆறு மாசத்துக்கு இவ்வளவா ஏறும்?" என்றார். அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிற மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடதுபக்கம் கேட்டார். வலதுபக்கம் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இங்க நீ கேளு, அங்க நான் கேக்கறேன். கையால தாளம் போடு" என்றார். நான் வயிற்றில் காதை வைத்து ஒரு வேகத்தில் தட்டினேன். அவர் வேறொரு வேகத்தில் தட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரட்டை!

பத்தாவது மாதம் வரை காத்திருக்காமல் கொஞ்சம் முன்னதாகவே பிறந்தார்கள், ஒரு பையன், ஒரு பெண். இரண்டும் வீறிட்டு அழுத அழுகையில் என் லேப் ஜன்னல் அதிர்ந்தது. கரும்புக்காரர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார், பழைய உடம்பு பாதிக்கு மேல் திரும்பியிருந்தது. குழந்தைகளைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நர்ஸம்மா" என்றார். எனக்கு அன்று கோபமே வரவில்லை. "மொதல்ல வந்துச்சே ஒரு ரிப்போர்ட்டு, நான் செத்துருவேன்னு. அது இருக்குதுங்களா?"

"அது எதுக்குங்க? கிழிச்சுப் போட வேண்டியது."

"கிழிச்சுடாதீங்க. எம் புள்ளைங்க ரெண்டும் உள்ளேருந்து மொத மொதல்ல சேதி சொல்லியிருக்குதுங்க. நாமதான் எனக்குன்னு நெனச்சுட்டோம். குடுங்க, நான் வெச்சுக்கறேன்."

ஃபைலிலிருந்து எடுத்தேன். மேலே டைப் அடித்திருந்தது அவருடைய பேர். இருக்கட்டும், இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்குப் போனேன். இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகள். நடுவில் அவள், களைத்துப்போய், ராணி மாதிரி. ரிப்போர்ட்டில் இருந்த பேரை ஒரு கோடு போட்டு அடித்தேன். 'இன்னார் மனைவி' என்று எழுதக் கை பழக்கத்தில் போனது. நிறுத்திக்கொண்டேன்.

இவள் கையில் ஊசி குத்தியிருக்கிறேன். விரலில் குத்தியிருக்கிறேன். இவள் ரத்தத்தைச் சென்னை வரை அனுப்பியிருக்கிறேன். ஒரே சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸில் போயிருக்கிறேன், இவள் வயிற்றில் காது வைத்துக் கேட்டிருக்கிறேன். இத்தனை மாதத்தில் ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்டிருந்தால் அன்றைக்கே அந்த டியூப் மாறியிருக்காதே!

"ஒம் பேரு என்னாம்மா?" என்றேன்.

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "சொல்லு" என்று அவர் சிரித்தார். சொன்னாள். கணீரென்று, வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னாள். ஒரு குழந்தை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது. நான் எழுத்து எழுத்தாக எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு, அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அதை ரொம்ப நேரம் படித்தாள்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் வீட்டு பீரோவில் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.